பழைய பென்ஸின் ஆட்டோ கியர் எண்ணெய்: விட்டுவிடலாமா, வடிக்கலாமா, கழுவலாமா?

ஈப்போவில் ஒரு வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நெடுநாள் தூங்கிக்கொண்டிருந்த 1983ஆம் வருடத்து 280ஈ ஒன்றை வாங்கினேன். டபிள்யூ123 வகை, ஆட்டோ கியர், நீல நிற உடம்பு, பொத்தல் விழாத அடித்தளம். முதல் சொந்தக்காரர் கவனமானவர். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருந்தன, ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் வெறும் தாள். எஞ்சின் எண்ணெயை அவ்வப்போது மாற்றியதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். கியர்பாக்ஸ் எண்ணெயைப் பற்றிக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். சிராப்பின் சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டியது, பால் சேர்க்காத கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. கருகிய வாடை இல்லை. வண்டி ஓடியது, கியரும் மாறியது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் முதுகில் ஒரு தட்டு.

தெரிந்தவர்களிடம் கேட்டேன். ஒருவர், "ஓடுகிற கியர்பாக்ஸைக் கிளறாதே, புது எண்ணெய் ஊற்றினால் செத்துப்போகும்" என்றார். இன்னொருவர், மெஷினை மாட்டி மொத்தத்தையும் கழுவி எடுத்துவிடச் சொன்னார். மூன்றாமவர், கீழே ஒரு போல்ட்டைக் கழற்றி வருவதை வடித்து அதே அளவு ஊற்றினால் போதும் என்றார். மூவரும் பழைய கார் வைத்திருப்பவர்கள்தான், அவரவர் அனுபவத்திலிருந்துதான் பேசினார்கள். யார் சொன்னதும் முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல்.

எண்ணெய் எங்கே இருக்கிறது

இந்த மூன்று யோசனைகளையும் எடைபோட, உள்ளே எண்ணெய் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டும். 1981ஐ ஒட்டி டபிள்யூ123இன் பெரிய எஞ்சின்களோடு வரத் தொடங்கிய, என் வண்டியிலும் இருக்கும் 722.3 என்ற நான்கு கியர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். காய்ந்த நிலையில் முதன்முதலாக நிரப்பினால் ஏறத்தாழ 7.3 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு பங்கு கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் சட்டியில் நிற்கிறது. இன்னொரு பெரிய பங்கு, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் அடைந்து கிடக்கிறது. மிச்சம், எண்ணெயைத் திருப்பிவிட்டுக் கியரை மாற்றும் வால்வ் பாடியின் சந்து பொந்துகளிலும், ரேடியேட்டருக்குப் போய்வரும் குழாய்களிலும்.

அடிச்சட்டியின் திருகை மட்டும் திறந்தால் மொத்தத்தில் பாதி வந்தால் அதிகம். கன்வர்ட்டரின் திருகையும் திறந்தால் ஏறத்தாழ 6.2 லிட்டர் வந்துவிடும். ஆமாம், இந்தப் பெட்டியின் கன்வர்ட்டருக்கு என்று தனி வடிதிருகு ஒன்று உண்டு. எல்லாக் கார்களிலும் இது கிடையாது. பென்ஸ் வைத்திருப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. தெரிந்த பட்டறைகளிலும் சில, வேலை கூடும் என்பதற்காக அதைத் தொடுவதில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒருமுறை பாதி எண்ணெயை மாற்றினால், புதியதும் பழையதும் சரிபாதியாகக் கலந்து நிற்கும். கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி பாதியை வடித்தால், பழையது கால்வாசி ஆகும். மூன்றாவது முறைக்குப் பிறகு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் பழையது மிஞ்சும். இதற்குச் செலவாகும் புது எண்ணெய் கிட்டத்தட்ட 11 லிட்டர், மூன்று நாள் வேலை. கன்வர்ட்டரையும் சேர்த்து ஒரே நாளில் வடித்தால் 6.2 லிட்டரில் வேலை முடிந்துவிடும். மிஞ்சும் பழையது 15 சதவீதம். மூன்று முறை வடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் முடிவுக்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு.

"தொடாதே" என்பதில் எவ்வளவு உண்மை

இந்த அறிவுரை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயை யாரும் நல்ல நாளில் நினைப்பதில்லை. வண்டி வழுக்கத் தொடங்கி, ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும்போதுதான் "எண்ணெய் மாற்றிப் பார்ப்போமே" என்று தோன்றுகிறது. மாற்றுகிறார்கள், இரண்டு வாரத்தில் பெட்டி போய்விடுகிறது. பழி எண்ணெய்மேல் விழுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் அதிகம் பேர் சாகிறார்கள், அதனால் ஆஸ்பத்திரி ஆபத்து என்பதுபோன்ற கணக்கு இது.

ஆனால் அதற்குள் ஒரு உண்மைப் பொட்டு இருக்கிறது. ஆட்டோ கியர் எண்ணெய் வெறும் மசகு அல்ல. அழுத்தத்தைக் கடத்துகிறது, சூட்டை வெளியே கொண்டுபோகிறது, கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று எப்படிக் கவ்வ வேண்டும் என்பதையும் அதில் கலந்துள்ள சேர்மானங்கள்தான் தீர்மானிக்கின்றன. தட்டுகளின் மேற்பூச்சு தேய்ந்துபோன பெட்டியில், எண்ணெயில் மிதக்கும் தூள் கொஞ்சம் கவ்வலுக்கு உதவுவதாகப் பட்டறையில் சொல்வார்கள். உதவுகிறதோ இல்லையோ, அப்படிப்பட்ட பெட்டியைப் புது எண்ணெய் காப்பாற்றப் போவதில்லை என்பது நிச்சயம். எண்ணெய் கறுத்து, கருகிய நாற்றம் அடித்து, சூடான பிறகு கியர் வழுக்குகிறது என்றால் பணத்தை எண்ணெயில் போடாதீர்கள். பெட்டியை இறக்கிப் பிரிக்க எடுத்து வையுங்கள். அந்த ஒரு இடத்தில் "தொடாதே" சரியான அறிவுரை.

என் வண்டியோ வழுக்கவில்லை. பழுப்பு நிறம் வயதைக் காட்டியது, சாவைக் காட்டவில்லை. விட்டு வைப்பதற்கு ஒரே காரணம் பயம்தான். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு இந்த வண்டியில் ஏற வேண்டும் என்று ஆசை எனக்கு. அந்த வளைவுகளில் இரண்டாவது கியரில் கத்திக்கொண்டு ஏறும்போது கன்வர்ட்டருக்குள் எண்ணெய் கொதிக்காத குறைதான். எவ்வளவு காலம் ஆனது என்றே தெரியாத எண்ணெயோடு அங்கே போக மனம் வரவில்லை.

மெஷின் கழுவல்

இந்த முறையில் ரேடியேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, நடுவில் ஒரு கருவியை மாட்டுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது கியர்பாக்ஸின் சொந்தப் பம்ப்பே பழையதை வெளியே தள்ளுகிறது, கருவி புதியதை உள்ளே கொடுக்கிறது. கண்ணாடிக் குழாயில் கோப்பி நிறம் மெல்லச் சிவப்பாக மாறுவதைப் பார்க்கலாம். பார்க்க அழகுதான். எண்ணெயைப் புதுப்பிக்கும் அளவில் மற்ற எல்லா முறைகளையும் இது முந்தும்.

என் குறை வேறு. இந்த வேலைக்கு அடிச்சட்டியைத் திறக்க வேண்டியதில்லை, அதனால் பலர் திறப்பதில்லை. என் நண்பர் ஒருவர் தன் பழைய காருக்கு இப்படிச் செய்து வாங்கினார். பில்லில் எண்ணெய் பத்து லிட்டருக்கு மேல், பில்டர் கிடையாது. சில வாரங்களில் காலையில் ரிவர்ஸ் விழ நேரமானது, பிறகு பெட்டியிலிருந்து ஒரு முனகல். இன்னொரு பட்டறையில் சட்டியைக் கழற்றியபோது பில்டரின் வலை முழுக்கக் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. அது கழுவலில் கிளம்பி வந்ததா, முன்பே இருந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இந்த பில்டர் பம்ப்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. அது அடைத்தால் பம்ப் பட்டினி கிடக்கும், அழுத்தம் விழும், கிளட்ச் தட்டுகள் அரைகுறையாகக் கவ்வித் தேயும். உள்ளே ஓடுவது எவ்வளவு புதுசாக இருந்தாலும் பயன் இல்லை.

அழுத்தம் கொடுத்து, கழுவும் திரவம் சேர்த்து அலசுகிறோம் என்று யாராவது சொன்னால் நாற்பது வயதுப் பெட்டியை அவர்களிடம் விடாதீர்கள். பல வருடம் மூலையில் ஒட்டிக்கிடந்த படிவு வால்வ் பாடியின் ஊசித் துளைகளில் போய் உட்கார்ந்தால், அதைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

அதே நேரத்தில் மெஷினை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். கன்வர்ட்டரில் வடிதிருகு இல்லாத கார்களுக்கு, முதலில் சட்டியைக் கழற்றி பில்டரை மாற்றிவிட்டு, அப்புறம் அழுத்தம் சேர்க்காமல் குழாய் வழியாக மாற்றுவது நியாயமான வழி. மெஷின் இல்லாமலும் செய்யலாம்: திரும்பி வரும் குழாயை வாளிக்குள் விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு லிட்டர் வந்ததும் நிறுத்தி, மேலே ஒரு லிட்டர் ஊற்றி, மறுபடி. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கவனம் தப்பினால் பம்ப் வறண்டு ஓடும். எனக்கு அந்த நெஞ்சுறுதி இல்லை.

சட்டியை மட்டும் வடிப்பது

மூன்றாமவர் சொன்ன வழி இது. இருப்பதில் மலிவு, ஆபத்தும் குறைவு. வருடா வருடம் செய்பவருக்கு நல்ல பழக்கம்தான். ஆனால் திருகைத் திறந்து வடித்து மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது. வரலாறு தெரியாத பெட்டியில் எனக்கு எண்ணெயைவிடச் சட்டியின் அடியில் படிந்திருக்கும் வண்டல்தான் முக்கியமாகப் பட்டது.

அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த மலிவு வழியும் எளிதாகக் கிடைப்பதில்லை. ஷெவர்லே கார்களில் பரவலாக வந்த டர்போ ஹைட்ராமாட்டிக் 350 பெட்டியின் சட்டியில் பெரும்பாலும் வடிதிருகே கிடையாது. 13 போல்ட்டையும் தளர்த்தி, ஒரு மூலையைச் சாய்த்து, தலைக்கு மேலே எண்ணெய் கொட்டாமல் இறக்க வேண்டும். எப்படியும் சட்டி கையில் வந்துவிடுகிறதே, பில்டரையும் மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கு அவர்கள் தானாக வந்துவிடுகிறார்கள். அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள்.

நான் எடுத்த வழி

சட்டி, கன்வர்ட்டர், பில்டர் மூன்றும் ஒரே நாளில். தேவைப்பட்டவை: பில்டரும் ரப்பர் கேஸ்கட்டும், இரண்டு வடிதிருகுகளுக்கும் புதிய வாஷர், 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, 13 அளவு சாக்கெட், சின்ன டார்க் ரெஞ்ச், நீளமான மெல்லிய புனல், ஏழெட்டு லிட்டர் எண்ணெய். எண்ணெய் தவிர்த்த பாகங்களின் விலை குடும்பத்தோடு ஒரு நல்ல வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போய்வரும் செலவுதான். பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டும் செலவோடு ஒப்பிட்டால் பேச்சே இல்லை.

இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நான்கு ஸ்டாண்டில் வண்டியைச் சமமாக ஏற்றினேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். முதலில் சட்டியின் திருகு. பிறகு கன்வர்ட்டர். கன்வர்ட்டரை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சன்னல் இருக்கிறது. அதன் வழியாக கன்வர்ட்டரின் திருகு தெரியும்வரை எஞ்சினைக் கையால் சுழற்ற வேண்டும். முன்னால் கிராங்க் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும். எதிர்த்திசையில் திருப்பக் கூடாது. தனியாகச் செய்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஊர்ந்து ஊர்ந்து இடுப்பு போய்விடும். என் மகன் சாக்கெட்டைத் திருப்ப, நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அந்தத் திருகைக் கழற்றியதும் சூடான எண்ணெய் வந்த வேகத்தைப் பார்த்தபோது, சட்டியை மட்டும் வடிப்பவர்கள் எவ்வளவை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்று புரிந்தது. ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன்: கன்வர்ட்டர் திருகு திறந்திருக்கும்வரை அந்த ஆலன் கீயை ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிடுங்கள். அதை மூட மறந்து மேலே ஊற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். நான்கு லிட்டர் புது எண்ணெய் தரையில்.

சட்டி ஆறு போல்ட்டில் நிற்கிறது. இறக்கி வெயிலில் வைத்துப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய களிம்பு. விரலில் தேய்த்தால் நறநறக்கவில்லை. இத்தனை வருடத்துக்கு இது இயல்பான தேய்மானம். பித்தளை நிறத்தில் மினுமினுக்கும் செதில் கிடந்திருந்தால் தண்டுகளைத் தாங்கும் புஷ் தேய்கிறது என்று பொருள். கறுப்பாக நார்நாராகக் கட்டிகள் இருந்தால் கிளட்ச் தட்டின் மேற்பூச்சு உரிகிறது. இரும்புச் சீவல்கள் என்றால் அதைவிட மோசம். பால் கலந்த பாண்டுங்கின் இளஞ்சிவப்பு நிறத்தில் எண்ணெய் வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. அது தட்டுகளின் பசையையே கரைத்துவிடும். அந்த நிலையில் ரேடியேட்டரை மாற்றாமல் எண்ணெய் மாற்றுவது வீண். இவற்றில் எதுவும் என் சட்டியில் இல்லை. ஆறு போல்ட்டைக் கழற்றியதற்கு அந்த ஒரு பார்வை போதும் எனக்கு. மெஷினும் சரி, வெறும் வடிப்பும் சரி, இந்தத் தகவலைத் தந்திருக்காது.

பில்டர் மூன்று ஸ்குருவில் நிற்கும் பிளாஸ்டிக் பெட்டி. 722.3க்கும் அதற்கு முந்திய 722.1க்கும் பில்டர் வேறு. 1980, 1981 வண்டி வைத்திருப்பவர்கள் கடையில் வருடத்தை மட்டும் சொல்லாமல், பெட்டியின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது. திரும்ப மாட்டும்போது நூல் உதிரும் துணியால் உள்ளே துடைக்காதீர்கள். ஒரு நூல் போதும் வால்வ் ஒன்று சிக்க. சட்டியின் போல்ட்டுக்கு 8 நியூட்டன் மீட்டர், வடிதிருகுகளுக்கு 14. மிகக் குறைவு இது, ஒரு கை விரல்களின் பலம் என்று சொல்லலாம். கசியக் கூடாதே என்று பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் சட்டியின் விளிம்பு வளைந்து, அதனாலேயே கசியும். கேஸ்கட்டில் பசை எதுவும் தடவ வேண்டாம்.

நிரப்புவதில்தான் நான் சறுக்கினேன். டிப்ஸ்டிக் குழாய் வழியாக முதலில் நான்கு லிட்டர் ஊற்றி, எஞ்சினை பார்க்கில் ஓடவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அதுவரை சரி. பிறகு கியர் தண்டை ஒவ்வொரு நிலையாக நகர்த்தி, பார்க்குக்குத் திரும்பி, அளவு பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் வரும்வரை ஊற்றினேன். அங்கேதான் தப்பு. அந்தக் கோடுகள் 80 டிகிரி சூட்டுக்கு உரியவை. ஆறிய எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரல் அகலம் கீழேதான் நிற்க வேண்டும். சூடாகி விரிந்ததும் மேலே ஏறிவிட்டது. இரண்டு கோட்டுக்கும் இடையில் இருப்பதே 0.3 லிட்டர்தான், ஒரு தேநீர்க் குவளையும் கொஞ்சமும். கூடிப்போனால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் நிற்காது. மறுநாள் மருந்துக்கடையில் பெரிய ஊசிக்குழலும் மெல்லிய குழாயும் வாங்கி, டிப்ஸ்டிக் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்தேன். இன்னொன்று: எஞ்சின் நின்றிருக்கும்போது அளவு பார்க்காதீர்கள். கன்வர்ட்டரிலிருந்து எண்ணெய் சட்டிக்கு இறங்கி, அதிகமாக இருப்பதுபோல் காட்டும்.

எந்த எண்ணெய்

எப்படி மாற்றுவது என்பதைவிட எதை ஊற்றுவது என்பதில் குழப்பம் அதிகம். இந்தப் பெட்டி டெக்ஸ்ரான் 2 காலத்தில் வடிவமைக்கப்பட்டது. டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் தர அளவு. 1973இல் டெக்ஸ்ரான் 2 வந்ததற்குப் பின்னால் ஒரு திமிங்கிலக் கதை இருக்கிறது. அதுவரை ஆட்டோ கியர் எண்ணெய்களில் கவ்வலைச் சீராக்க ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்து அதன் எண்ணெயைத் தடுத்ததும் மாற்றுச் சேர்மானம் தேட வேண்டியதாயிற்று. நம் பெட்டிக்குள் திமிங்கிலம் இல்லை, நல்லது.

1993இல் டெக்ஸ்ரான் 3 வந்தது, 2005இல் 6. அடுத்த வருட முடிவோடு 3க்கான உரிமத்தை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திவிட்டது. அதனால் இன்று கடையில் இருக்கும் டப்பாக்களில் "டெக்ஸ்ரான் 3க்கு ஏற்றது" என்றுதான் எழுதியிருக்கும். நல்ல நிறுவனத்தின் டப்பாவில் மெர்சிடிஸின் 236.6 அல்லது 236.7 ஒப்புதலும் குறிப்பிட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டெக்ஸ்ரான் 6 தரத்தில் உயர்ந்தது, சூட்டில் சீக்கிரம் கெடாது. ஆனால் அது மெலிந்த எண்ணெய். 100 டிகிரியில் அதன் பிசுபிசுப்பு 6.4 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் விதி. பழைய டெக்ஸ்ரான் 3 அந்தச் சூட்டில் ஏழைத் தாண்டி நிற்கும். நாற்பது வருடம் தேய்ந்த இடைவெளிகளும் இறுகிப்போன ரப்பர் சீல்களும் உள்ள பெட்டிக்கு, அதுவும் நம் ஊர் வெயிலுக்கு, மெலிந்ததைவிடக் கொஞ்சம் கனத்தது நல்லது என்பது என் எண்ணம். விலை உயர்ந்த முழு செயற்கை எண்ணெயையும் தவிர்த்தேன். அது மோசம் என்பதற்காக அல்ல. வரலாறு தெரியாத பெட்டியில் முதல் ஊற்று சீக்கிரமே வெளியே வரப்போகிறது, அதில் ஏன் தங்கத்தைக் கொட்ட வேண்டும்? பின்னாளில் வந்த 722.6 பெட்டிகளுக்கான எண்ணெயை "பென்ஸ் எண்ணெய்தானே" என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். அதன் கவ்வல் தன்மை வேறு.

பழைய ஃபோர்டு, அல்லது போர்க் வார்னர் 35 பெட்டி போட்ட பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தியே பொருந்தாது. அவற்றில் பல டைப் எஃப் எண்ணெய்க்கு அமைந்தவை. அது தட்டுகளை வெடுக்கென்று கவ்வ வைக்கும், டெக்ஸ்ரான் மெதுவாக வழுக்கிக் கவ்வ வைக்கும். இரண்டும் சிவப்பாகத்தான் இருக்கும், நிறத்தை நம்ப முடியாது.

நீங்களா, பட்டறையா

சமமான தரையும், நான்கு நல்ல ஸ்டாண்டும், உதவிக்கு ஒரு ஆளும் இருந்தால் இது வீட்டில் செய்யக்கூடிய வேலை. ஒரு சனிக்கிழமை போகும். ஆறேழு லிட்டர் கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். பட்டறைக்கு விடுவதானால், பெயர்ப் பலகையைவிட ஒரு கேள்வி முக்கியம்: "கன்வர்ட்டரையும் வடிப்பீர்களா?" "அதெல்லாம் தேவையில்லை அண்ணே" என்று பதில் வந்தால் அடுத்த பட்டறையைப் பாருங்கள். பழைய பில்டரையும், சட்டியைக் கழுவுவதற்கு முன் அதன் படத்தையும் தரச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் தருகிறவர்களிடம் தைரியமாக விடலாம்.

அந்த 2-3 தட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். எண்ணெய் மாற்றிய பிறகும் இருந்தது. காலைக் குளிரில் ரிவர்ஸ் சீக்கிரம் விழுந்தது, மலை ஏறினால் முனகல் இல்லை, ஆனால் தட்டு அப்படியே. எஞ்சின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதை இந்தப் பெட்டி வாக்குவத்தை, அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையை, வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. இன்டேக்கிலிருந்து மாடுலேட்டர் என்ற சின்ன டப்பாவுக்கு ஒரு குழாய் வருகிறது. அந்த வழியில் எங்காவது காற்று கசிந்தால், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்கிறார்கள் என்று பெட்டி நினைத்துக்கொண்டு இறுக்கமாகக் கியரை மாற்றும். குழாயின் முனையில் இருக்கும் ரப்பர் முழங்கை வெடித்திருந்தது. மாற்ற ஐந்து நிமிடம் ஆனது, காசும் கொஞ்சம்தான். குழாயை மாடுலேட்டர் பக்கம் கழற்றியபோது உள்ளே சிவப்பு எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்திருந்தால் மாடுலேட்டரின் தோல் கிழிந்து எஞ்சின் கியர் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தம். காய்ந்துதான் இருந்தது. எண்ணெய்க்கு முன்னால் அந்த முழங்கையைப் பார்த்திருந்தால் "எண்ணெய் பழசாகிவிட்டதால்தான் தட்டுகிறது" என்று நாலு பேரிடம் சொல்லித் திரிந்திருக்க மாட்டேன்.

ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை, இந்தத் தடவை சட்டியை மட்டும் வடிக்கப் போகிறேன். மிச்சமிருக்கும் 15 சதவீதத்துக்கு அது போதும். அதற்குப் பிறகு ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது இந்தக் காருக்குப் பொதுவான கணக்கு. ஆனால் வருடத்துக்கு மூவாயிரம் ஓடினால் அதிகம் என்கிற வண்டிக்கு அது இருபது வருடம். நான் நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். கேமரன் மலைக்குப் போய்வந்த மறுநாள் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். கொஞ்சம் கறுத்த சிராப்.